கழுவாத தூக்குச்சட்டி

தாராவி
2 மார்ச் 2025, ஞாயிறு

முலுண்டில் இருக்கும் என் சின்ன மருமகள் ஜான்சிக்கு, உன் அத்தை கனகவள்ளி எழுதுவது.

பொங்கலன்று நம் வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் மாற்றிப் பேசக் கூடாது. என் தம்பி காசிராஜன், கதவோரத்து நாற்காலியில். பெரியவன் இசக்கிராஜ், அவன் பெண்டாட்டி சுயம்புக்கனி. எள்ளுருண்டை கொடுக்க வந்த பக்கத்து வீட்டு சாதனா. சர்க்கரைப் பொங்கல் வாங்கிப்போக வந்த அபுதாஹிர் பாய். உன் புருசன் முத்துசெல்வம். உன் மகள் ஷர்மிளா. கையில் கரண்டியோடு நான். உள்ளறையில் திரைக்குப் பின்னால் படுத்திருந்த நீ. ஆக ஒன்பது பேர்.

காசிராஜன் மூன்றாவது தடவை பொங்கல் வாங்கித் தின்றுகொண்டே, "ஏக்கா, ஒம் மருமவ பொங்க வந்தாளா, படுக்க வந்தாளா?" என்று கேட்டான். இசக்கிராஜ் சிரித்தான். சுயம்புக்கனி சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பை அடக்கினாள், அதை நான் பார்த்தேன். எல்லாம் என் மண்டையில் இருக்கிறது, ஒன்றும் அழியாது. காசிராஜனோடு அன்றைக்கு விட்ட பேச்சை இன்னும் எடுக்கவில்லை.

அதற்காக நீ இந்த வீட்டுப் பக்கமே வராமல் இருப்பது என்ன நியாயம்? ஒன்றரை மாதம் ஆகிறது. போனில் பேசலாம் என்றால், சத்தம் கேட்டால் உனக்குத் தலை சுற்றுகிறது என்கிறான் முத்துசெல்வம். நான் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியது பதினோரு நிமிசம் போனதாம். சரி, காகிதம் சத்தம் போடாது. படுத்துக்கொண்டே இரண்டு வரி படித்துவிட்டு மீதியை நாளைக்கு வைத்துக்கொள். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

கடை அடைத்துவிட்டு வரும் உன் புருசன் கையில் நாலடுக்கு கேரியர் வருகிறது. சோறு, சொதி, உருளைக்கிழங்குப் பொரியல், இஞ்சித் துவையல். இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் வரும். நீ அடுப்புப் பக்கமே போக வேண்டாம். இந்தக் கடிதத்தை அவன் படித்தால் தெரிந்துவிடும், நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன்.

கோபத்தோடும் அக்கறையோடும்,
கனகவள்ளி

*

முலுண்ட்
8 மார்ச் 2025

அன்புள்ள அத்தைக்கு,

நூல் அவிழாமல் வந்து சேர்ந்தது. சொதியை ஷர்மிளா இரண்டு நாள் வைத்துச் சாப்பிட்டாள். "ஆச்சி சொதி மட்டும் ஏன் மஞ்சளா அழகா இருக்கு?" என்று கேட்கிறாள்.

எனக்கு ஒன்றும் புதிதாக இல்லை. இரண்டு வருசத்துக்கு முன் வந்த காய்ச்சல் போய்விட்டது, களைப்பு மட்டும் போகவில்லை. தூங்கி எழுந்தாலும் தூங்காத மாதிரி இருக்கிறது. ஒரு நாள் ஓடியாடி வேலை செய்தால் அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க முடியாது. டாக்டர் இதற்கு மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அளந்து செலவு செய்யுங்கள் என்கிறார். பணத்தை இல்லை அத்தை, தெம்பை.

கேரியரைத் தேய்த்து அனுப்புகிறேன். வெறுமையாக அனுப்பக் கூடாதல்லவா, மேலடுக்கில் ரவா லட்டு பதினைந்து இருக்கிறது. சாதனா அக்காவுக்கும் கொடுங்கள்.

உங்கள்,
ஜான்சி

*

தாராவி
16 மார்ச் 2025

ஜான்சி, தாயி,

லட்டு வந்தது. நெய் ஒரு கரண்டி கூடுதலாக விட்டிருக்கலாம். சாதனா நன்றாக இருக்கிறது என்றாள், அவள் எதைக் கொடுத்தாலும் அப்படித்தான் சொல்லுவாள். அபுதாஹிர் பாய் இரண்டு எடுத்துக்கொண்டார். சுயம்புக்கனி ஒன்றைத் தின்றுவிட்டு ஒரு கேள்வி கேட்டாள், அதை மறைக்காமல் எழுதுகிறேன், மனதில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குப் போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கிறது. "லட்டு புடிக்கக் கை இருக்கு, தாராவிக்கு வரக் கால் இல்லியா?" என்று கேட்டாள்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

போன வாரம் நாலடுக்கு, இந்த வாரம் ஐந்தடுக்கு. சாதனா வீட்டில் இரவல் வாங்கினேன், பத்திரம். புளிக்குழம்பு தனியாக இருக்கிறது, ஒரு வாரம் தாங்கும். காசிராஜன் வெள்ளிக்கிழமை வந்தான். டீ கொடுத்தேன், பேசவில்லை. அவனாகவே கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிவிட்டுப் போனான்.

கனகவள்ளி

*

முலுண்ட்
22 மார்ச் 2025

அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஐந்து வரி. இடையில் பேனா மை மாறியிருந்தால் அதுதான் காரணம்.

ஐந்தடுக்கு கேரியரைக் கழுவி அனுப்புகிறேன். உள்ளே சர்க்கரை மட்டும் போட்டிருக்கிறேன். வேறு எதுவும் செய்ய முடியவில்லை. இனிமேல் கேரியர் அனுப்ப வேண்டாம் அத்தை.

கோபத்தில் சொல்லவில்லை, கேளுங்கள். ஞாயிறு ராத்திரி உங்கள் சாப்பாட்டைச் சாப்பிடும்போது எனக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோசம். திங்கட்கிழமை காலையில் அந்த ஐந்து டப்பாவும் சமையல் மேடையில் நிற்கும். தேய்க்க வேண்டும். தேய்த்தால் போதாது, உள்ளே ஏதாவது வைக்க வேண்டும். சாதனா அக்கா ஏனம் வேறு, நம் வீட்டு மானம் அல்லவா? அந்த லட்டைப் பிடித்த அன்று நான் நின்றேன், வறுத்தேன், உருட்டினேன். மறுநாளிலிருந்து மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. ஷர்மிளா பிஸ்கட்டைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டாள். நான் திருப்பிக் கொடுப்பதற்காக உங்களிடம் வாங்குகிறேன். ஒரு நாள் சாப்பாட்டுக்கு நான்கு நாள் செலவாகிறது.

நான் பட்டினி இல்லை, பயப்படாதீர்கள். எனக்கென்று ஒரு சமையல் வைத்திருக்கிறேன். கட்டில் பக்கத்தில் குட்டை ஸ்டூல், அதில் கரண்ட் அடுப்பு. ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் தொலி உளுந்து, ஒரு கை பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம், தேங்காய்த் துருவல், உப்பு, நாலு டம்ளர் தண்ணீர். எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போட்டு நாலு விசில். நம் ஊர் உளுந்தஞ்சோறுதான். பூண்டை உங்கள் மகன் டிவி பார்த்துக்கொண்டே உரித்து வைப்பார். தேங்காயை ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் துருவி வாங்கி வந்துவிடுவார், அங்கேயே நறுக்கிய காயும் கிடைக்கும். உளுந்தை உடம்பு நன்றாக இருந்த ஒரு நாளில் மொத்தமாக வறுத்து டப்பாவில் போட்டுவிட்டேன். ராத்திரிக்கு அவலைத் தயிரில் ஊறப்போட்டுக் கொஞ்சம் ஊறுகாய். அடுப்பே வேண்டாம். குக்கரில் தண்ணீர் ஊற்றி அப்படியே வைத்துவிடுவேன், மறுநாள் கழுவினாலும் உலகம் அப்படியேதான் இருக்கிறது.

பொங்கலைப் பற்றி ஒன்று. நீங்கள் ஒன்பது பேரையும் எழுதினீர்கள், யார் சிரித்தார்கள் என்றும் எழுதினீர்கள். காசிராஜன் மாமா கேட்டது எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை, அவர் அப்படித்தான். திரைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, நீங்கள் ஏதாவது சொல்வீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கரண்டி பாத்திரத்தில் இடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அதனால்தான் வரவில்லை.

ஜான்சி

*

தாராவி
6 ஏப்ரல் 2025, ஞாயிறு

ஜான்சி,

இரண்டு வாரம் எழுதவில்லை. கோபம்தான். முதல் வாரம் முழுக்க உன் மேல். எட்டாம் நாள் உன் சமையல் எவ்வளவு லட்சணம் என்று பார்க்கலாம் என்று குக்கரை எடுத்தேன். அப்போது எனக்கு முழங்கால் வலி, நிற்க முடியவில்லை. ஷர்மிளா இங்கே வந்தால் ஹோம்வொர்க் எழுதும் பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அடுப்பைக் கீழே இறக்கி வைத்து உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் போட்டேன், மூடினேன். நாலு விசில். அதுவரை சாதனாவோடு பேசிக்கொண்டிருந்தேன். திறந்தால் சோறு குழைவாக, பூண்டு வெண்ணெய் மாதிரி. இரண்டு தட்டு சாப்பிட்டேன். வெந்தயம் அரை ஸ்பூன் போதாது, முக்கால் போடு.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த வீட்டுக்கு நான் வந்த வருசம் 1973. மேடை கட்டினது 2009. நடுவில் முப்பத்தாறு வருசம் மண்ணெண்ணெய் ஸ்டவ் முன்னால் பலகை போட்டு உட்கார்ந்துதான் பொங்கினேன். அப்போது என்னை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. மேடை வந்த பிறகு, நிற்பதுதான் சமையல் என்று நானே நினைத்துக்கொண்டேன். பொங்கலன்று காலையில், படுக்கப் போகும் முன், நீ ஸ்டூலில் உட்கார்ந்து காய் நறுக்கினபோது எனக்கே உள்ளுக்குள் ஒரு முணுமுணுப்பு இருந்தது. அதனால்தான் காசிராஜன் கேட்டபோது கரண்டி பேசியது, நான் பேசவில்லை. இதை எழுத எனக்கு இரண்டு வாரம் ஆனது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. 1974இல் இசக்கிராஜ் பிறந்து பதினோராம் நாள். சாதனாவின் மாமியார் எனக்கென்று ஒரு கிண்ணத்தில் பாயசம் அனுப்பினாள். குடித்தேன், கழுவினேன், கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து படுத்தேன். உன் மாமனாரைப் பெற்றவள் வந்து நின்றாள். "வெறும் ஏனத்தையா குடுத்தே? நம்ம வீட்டுல பஞ்சமா?" என்றாள். பச்சை உடம்போடு என்னை எழுப்பி எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்காரவைத்து முந்திரிக்கொத்து சுடவைத்தாள். நாற்பது உருண்டை. எனக்குக் கண் இருட்டியது. அந்த வீட்டுக்கு இருபது, நாங்கள் தின்றது பதினெட்டு, எண்ணெயில் உடைந்தது இரண்டு. அவள் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சொன்னாள், "இனிமே மறக்க மாட்டா." மறக்கவில்லை, பார்.

ஐம்பது வருசமாக அதை மனதில் வைத்திருந்தவள், உனக்கு ஐந்தடுக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஆகவே இனி இதுதான் வழக்கம், நான் சொன்னதாக இருக்கட்டும். ஒரே ஒரு தூக்குச்சட்டி வரும். நம் வீட்டுச் சட்டி, சாதனாவுடையது இல்லை. உள்ளே உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் ஒன்றாகவே இருக்கும். தின்றுவிட்டு மூடி உன் புருசன் பையில் போட்டு அனுப்பு. உள்ளே ஒன்றும் வைக்கக் கூடாது, சர்க்கரை ஒரு துளிகூட. கழுவவும் கூடாது. கழுவி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கனகவள்ளி

*

முலுண்ட்
12 ஏப்ரல் 2025

அன்பு அத்தைக்கு,

தூக்குச்சட்டி வருகிறது. கழுவவில்லை. மூன்று தடவை குழாயைத் திறந்து மூன்று தடவையும் மூடினேன். கை அந்தப் பக்கமே போகிறது அத்தை, சிரிப்பாக இருந்தது. அடியில் கொஞ்சம் ஒட்டியிருக்கும், துவையல் ஓரத்தில் காய்ந்திருக்கும். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வாரம் புதன்கிழமை நான் எழுந்து உட்கார்ந்து ஷர்மிளாவுக்குத் தலை பின்னினேன். போன மாதமெல்லாம் புதன்கிழமை என்றால் கேரியர் ஞாபகம்தான் வரும்.

நாளை மறுநாள் சித்திரை ஒன்று. வரச் சொல்லி எழுதியிருந்தால் என்ன பதில் சொல்வது என்று பயந்தேன். நீங்கள் எழுதவே இல்லை.

முக்கால் ஸ்பூன் வெந்தயம் கசக்கிறது. அரைதான் சரி.

ஜான்சி

*

தாராவி
13 ஏப்ரல் 2025, ஞாயிறு

என் கண்ணு ஜான்சிக்கு,

சட்டி வந்து சேர்ந்தபோது வீட்டில் சுயம்புக்கனி இருந்தாள், காசிராஜன் இருந்தான். மூடியைத் திறந்தேன். வாடை வந்தது, வராமல் என்ன செய்யும்? சுயம்புக்கனி மூக்கைப் பொத்தினாள். காசிராஜன் எட்டிப் பார்த்துவிட்டு, "கழுவாமலா அனுப்பிருக்கா?" என்றான்.

மூன்று மாதமாக விட்ட பேச்சை அங்கேயே எடுத்தேன். "நாந்தாம்ல கழுவாதேன்னு சொன்னேன். அவளுக்கு மேலுக்குச் சொகமில்லை, அதனால படுத்துக்கிடக்கா. நீ மொதல்ல தின்ன தட்டை எடுத்துட்டுப் போய்க் கழுவு."

இதைப் பொங்கலன்றே சொல்லியிருக்க வேண்டும். தாமதமாகத்தான் சொன்னேன், ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். காசிராஜன் தட்டைக் கழுவினான். அறுபத்தெட்டு வயதில் முதல் தடவை, அடிப்பக்கத்தைத் தேய்க்கவே தெரியவில்லை. சுயம்புக்கனி இந்தத் தடவை வாய்விட்டே சிரித்தாள், சாயங்காலம் என்னிடம் உன் உளுந்தஞ்சோற்றுக்கு அளவு கேட்டாள். அரை ஸ்பூன் வெந்தயம் என்றே சொல்லியிருக்கிறேன். உன் சட்டியை நான்தான் கழுவினேன், ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு. ஒட்டியிருந்ததைச் சுரண்டும்போது எனக்கு அப்படி ஒரு திருப்தி. வயிறாரத் தின்றிருக்கிறாய், அது தெரிந்தது.

நாளைக்கு நீ வர வேண்டாம். நான் வருகிறேன். இசக்கிராஜ் சயான் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிடுவான், முத்துசெல்வம் முலுண்டில் இறக்கிக்கொள்வான். ஸ்டூலை நான் கொண்டு வருகிறேன், உன் வீட்டில் ஒன்றுதானே இருக்கிறது. ஒரு குக்கர் வைப்போம். நீ படுத்திருந்தாலும் சரி, திரை போட்டுக்கொள்ளாதே, முகம் பார்த்துப் பேச வேண்டும். வேப்பம்பூ நான் கொண்டு வருகிறேன். நீ ஒன்றும் வாங்கி வைக்காதே, வைத்தால் எனக்குக் கோபம் வரும், என் கோபம் உனக்குத் தெரியும்.

பொங்கலன்று இருந்த ஒன்பது பேரையும் இன்றைக்கு எண்ணிப் பார்த்தேன். தட்டைக் கழுவியதால் காசிராஜனை விட்டுவிட்டேன். இசக்கிராஜ் என் பிள்ளை. சுயம்புக்கனி அளவு கேட்டுவிட்டாள். சாதனாவும் பாயும் ஒரு பாவமும் செய்யவில்லை. முத்துசெல்வம் பூண்டு உரிக்கிறான். ஷர்மிளா குழந்தை. என்னை நீ விட்டுவிட்டாய், சட்டியைப் பார்த்ததும் தெரிந்துகொண்டேன். உன் பேரில் எனக்கு ஒன்றும் இல்லை.

ஒருத்தி மட்டும் மிச்சம். பொங்கலன்று அவள் இல்லை, செத்து முப்பத்தொரு வருசம் ஆகிறது. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவளேதான். இத்தனை வருசமும் சொன்னதில்லை, எழுதியதும் இல்லை. அந்த நாற்பது முந்திரிக்கொத்துக்காக அவளை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன்.

தங்கபுஷ்பம்.