விளக்குத்தூண் பக்கம் வராதே, அக்கா

கொல்லிமலை,
வியாழக்கிழமை இரவு.

அன்புள்ள விமலா அக்காவுக்கு,

உன் தங்கை பரிமளா எழுதுவது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுத் தொடங்கத்தான் ஆசை. ஆனால் இது உன் கைக்கு எப்போது கிடைக்கும் என்று தெரியாததால், சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரைக்கு முதல் தடவை வருகிற ஒரு நாமக்கல் குடும்பத்தை, நாளை சாயங்காலம் விளக்குத்தூண் பக்கத்தில் சந்தித்துச் சாப்பிடக் கூட்டிப்போவதாக உன் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டிருக்கிறாரே, அது நம் குடும்பம்தான். மணிவண்ணன் என்று பெயர் போட்டு எழுதியது பூபாலன் மாமா. போகாதே அக்கா. மேலே படிக்க நேரமில்லை என்றால் இத்தோடு நிறுத்திவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் வேறு எங்காவது போய்விடுங்கள்.

மிளகு மூட்டை அடுக்கிய அறையில் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா வெளி அறையில் படுத்திருக்கிறார். அவர் இருமும்போதெல்லாம் டார்ச்சை அணைத்துவிடுகிறேன். வாசலில் மாமாவோடு போகப்போகிற அண்ணாமலையின் ஜீப் நிற்கிறது. விடிவதற்குள் கிளம்புகிறார்கள். உன்னிடம் நேராகச் சொல்ல என்னிடம் போன் இல்லை. உன் போன் நம்பரும் தெரியாது. நாளைக் காலை பள்ளியில் ஜெனிபர் டீச்சரிடம் இந்தத் தாள்களைக் கொடுத்து, படம் எடுத்து, நீங்கள் சாப்பாட்டு வீடியோ போடுகிற பக்கத்துக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன். நீ வீட்டை விட்டுப் போன பிறகு உன்னைப் பற்றி என்னிடம் விசாரித்தவர் அவர் ஒருவர்தான். அவர் கீழே காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து பஸ் ஏறி வர வேண்டும். இன்று மத்தியானத்திலிருந்து மழை. மண் சரிந்தால் பஸ் வராது. பஸ் வந்தாலும் பள்ளித் தண்ணீர்த் தொட்டி பக்கம் போய் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். அதையெல்லாம் நினைத்தால் எழுத வரவில்லை. அதனால் நினைக்காமல் எழுதுகிறேன்.

அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று உனக்குக் குழப்பமாக இருக்கும். நாங்கள் யாருமே தேடவில்லை அக்கா. போன வாரம் பூபாலன் மாமா நம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். கீழே சேந்தமங்கலத்தில் போனில் இறக்கிவைத்திருந்த சாப்பாட்டு வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அதில் ஒன்றில் ஒரு ஆண் குரல் மட்டும் பேசியது. முதல் தடவை மதுரைக்கு வருகிறவர்கள் எந்தக் கடைக்குப் போக வேண்டும், எந்த நேரத்துக்குப் போக வேண்டும் என்று வேடிக்கையாகச் சொன்னது. முகம் யாருடையதும் தெரியவில்லை. இலையும் ஒரு பெண்ணின் கையும்தான் தெரிந்தன.

அந்தக் கை பரோட்டாவைப் பிய்த்தது. வாயில் வைப்பதற்கு முன்னால் ஒரு சிட்டிகையை இலையின் மேல் ஓரத்தில் தனியாக எடுத்து வைத்தது. வீட்டு ஆள் யாராவது வெளியூரில் இருந்தால் அவர் பேருக்கு முதலில் ஒரு சிட்டிகை எடுத்துவைத்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும் என்று அம்மா நமக்குப் பழக்கியது. ஊரில் வேறு யாரும் செய்வதில்லை. குழம்பு ஊற்ற வந்த அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். "என்ற சாமி, நம்ம பேருக்கு இன்னும் எடுத்து வெக்கிறாளே" என்றாள். சந்தோஷத்தில்தான் சொன்னாள் அக்கா. சொன்ன பிறகுதான் எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்பது அவளுக்கு உறைத்தது. மாமா வீடியோவைத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு கீழே போய் உங்களுடைய எல்லா வீடியோவையும் இறக்கி வந்து பார்த்தார்.

மறுநாளே அவர் உங்களுக்கு எழுதினார். நாமக்கல்லிலிருந்து குடும்பத்தோடு முதல் தடவை வருகிறோம், எங்கே சாப்பிடலாம் என்று. வந்த பதிலை நம் வீட்டிலேயே சத்தமாகப் படித்துக் காட்டினார். அண்ணாமலையும் இருந்தான். ஜீவா மச்சான் எவ்வளவு பிரியமாக எழுதியிருந்தார்! அவரை நான் பார்த்ததில்லை. மச்சான் என்று எழுதலாம்தானே? பெரிய எழுத்தில் பெயர் போட்ட கடைக்குப் போகாதீர்கள், உள்ளூர்க்காரர்கள் நின்றுகொண்டே சாப்பிடும் கடைக்குப் போங்கள் என்று எழுதியிருந்தார். மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டால் மதுரை வீணாகிவிடும், சாயங்காலம் சுக்கும் கருப்பட்டியும் போட்ட பருத்திப்பாலில் ஆரம்பிக்க வேண்டும், பிறகு முள்ளு முருங்கை வடை, இருட்டிய பிறகு கறிதோசை, ஜிகர்தண்டா கடைசியில்தான் என்று வரிசை போட்டிருந்தார். முடிவில், "எங்க வீட்டுக்காரி உங்க பக்கத்து மலைதாங்க. அந்தப் பக்கத்து ஆளுங்க பேச்சைக் கேட்டே ரொம்ப நாளாச்சுன்னு ஏங்கிக் கெடக்கா. நாங்களே கூட வர்றோம், அவ சந்தோஷப்படுவா" என்று இருந்தது.

அதைப் படித்துவிட்டு மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். அண்ணாமலை, "ஏனுங்க, கல்யாண விருந்து மதுரையிலயேங்களா?" என்றான். "மொதல்ல நல்லாத் தின்போம். அப்பறந்தான் தூக்கறது" என்றார் மாமா. அப்பா சிரிக்கவில்லை. "அந்தக் கறிதோசைல எலும்பு கெடக்குமா?" என்று கேட்டார். அவருக்குப் பல் போய்விட்டது, உனக்குத் தெரியாது. உன்னை இழுத்துவரப் போகிற இடத்தில் எலும்பு இருக்குமா என்று கேட்கிறாரே என்று நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அப்புறம் யோசித்தால், வேறு எதைப் பேசுவது என்று தெரியாமல்தான் கேட்டாரோ என்னவோ.

உங்கள் வீடியோக்கள் மாமாவுக்கு மனப்பாடம். நீ சாயங்காலம் எந்தப் பருத்திப்பால் வண்டியில் நிற்பாய் என்று தெரியும். "எங்க தெரு முக்கு" என்று மச்சான் காட்டிய இட்லிக் கடை தெரியும். ஜிகர்தண்டா கடையில் கூட்டம் குறைகிற நேரம்கூடத் தெரியும். ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நீங்கள் போகச் சொன்ன இடம் எதற்கும் இனி நீ போகாதே. வீடியோக்களை அழித்துவிடுங்கள். எனக்கே அதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. மாமா பார்க்கும்போது நானும் எட்டிப் பார்த்தேன். வெங்காயம் வதங்கும் சத்தத்துக்கு நடுவில் நீ ஒரு முறை சிரித்தது கேட்டது. அது நீதான் என்று எனக்குத் தெரிந்தது. 

அம்மாவையும் கூட்டிப்போகிறார்கள். இதை நன்றாகக் கேட்டுக்கொள். தூரத்தில் அம்மாவைப் பார்த்ததும் ஓடி வருவாய் என்று மாமா கணக்குப் போட்டிருக்கிறார். அம்மா பச்சைப் புடவை கட்டியிருப்பாள். கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும். அதில் உனக்காக வறுத்த பலாக்கொட்டையும் மிளகுப்பொடியும் இருக்கிறது. இன்று முழுக்க அழுதுகொண்டே வறுத்தாள். ஒருவேளை அங்கே வந்த பிறகுதான் இதைப் படிக்கிறாய் என்றால், அம்மாவைப் பார்த்ததும் திரும்பி நட அக்கா. அவள் கூப்பிட்டாலும் நட.

அம்மா மேல் கோபப்படாதே. நான் கோபப்பட்டேன். அடுப்படியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ போகாதே அம்மா, நீ போனால்தான் அக்கா மாட்டிக்கொள்வாள் என்றேன். என் தலையைத் தடவிக்கொண்டே, "அவ வந்துட்டா உன்னய உட்டுருவாங்க கண்ணு" என்றாள்.

இதை எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் அம்மாவைத் தப்பாக நினைப்பாய் என்று எழுதுகிறேன். உனக்கும் மாமாவுக்கும் கல்யாணப் பேச்சு நடந்தபோது மாமா வீட்டாரும் நம் வீட்டாரும் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள் அல்லவா? நீ போன பிறகு ஊர்க்கூட்டத்தில் அதை எடுத்தார்கள். வெற்றிலை மாற்றியது வீட்டுக்கு வீடு, பெண்ணுக்கு இல்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். "வெத்தலை வாங்குன ஊடு பொண்ணு குடுத்துத்தான் ஆகோணும். பெருசு இல்லீனா சின்னது இருக்குதல்ல" என்று முடித்துவிட்டார்கள். கொடுக்காவிட்டால் நம் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒரு ஆள் வர மாட்டார்கள். வேலைக்கும் கூப்பிட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. பெண் யார் என்றுதான் சொல்லவில்லை. புடவை வாங்கி வைத்திருக்கிறார்கள். ரவிக்கை மட்டும் இன்னும் தைக்கவில்லை. எந்த அளவுக்குத் தைப்பது என்று தெரிய வேண்டுமே.

நான் இப்போதுதான் பத்தாம் வகுப்பு. மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போனது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை.

நீ என்னைப் பற்றி யோசித்துக்கொண்டு உட்காராதே. உனக்கு ஒரு வாழ்க்கை கிடைத்துவிட்டது. பரோட்டா பிய்க்கிற அந்தக் கையில் கண்ணாடி வளையல் நிறைய இருந்தது. இங்கே இருந்தவரை அப்பா உனக்கு ஒன்றுகூட வாங்கித் தந்ததில்லை. அது போதும் எனக்கு. நீ பிடிபட்டு இங்கே வந்தால் நான் தப்பித்துவிடுவேன், உண்மைதான். அப்புறம் ஒவ்வொரு நாளும் நீ எனக்கு எதிரில் மாமா வீட்டில் தண்ணீர் தூக்கிக்கொண்டு போவாய். அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சோறு தின்பேன்?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மச்சானைக் கட்டிட வேலைக்கு அனுப்பாதே, அவர் வேலை செய்யும் இடத்தையும் ஒரு வீடியோவில் காட்டியிருக்கிறார். பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் இரண்டு பேருமாக எழுதிக் கொடுங்கள். நீ பதினெட்டு முடிந்தவள், அப்படிப்பட்டவளை யாரும் தூக்கிப்போக முடியாது என்று டீச்சர் வகுப்பில் சொல்லியிருக்கிறார். அந்த மணிவண்ணனுக்குப் பதில் எதுவும் எழுதாதீர்கள். வரவில்லை என்றுகூட எழுத வேண்டாம். நாளைக்கு அவர்கள் அங்கே காத்துக்கொண்டே நிற்கட்டும்.

என்னைப் பற்றி என்ன சேதி வந்தாலும் நீ மலை ஏறி வராதே. செத்துப்போய்விட்டேன் என்று சொன்னாலும் வராதே, உன்னை வரவைக்க அப்படியும் சொல்லுவார்கள். சின்னவள் பெரியவளை வாழ்த்தக்கூடாது என்பார்கள். ஆனாலும் வேறு யாரும் வாழ்த்தவில்லை என்பதால் நான் வாழ்த்துகிறேன். நீயும் மச்சானும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, பயமில்லாமல் தூங்கி எழுந்து, ரொம்ப நாள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னிடம் மட்டும் சண்டை போடுகிற
பரிமளா

ஜெனிபர் டீச்சருக்கு,

படம் எடுக்கும்போது இதையெல்லாம் படித்திருப்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள், தனித்தாளில் எழுதப் பேப்பர் இல்லை. முதலில் அக்காவுக்கு அனுப்பிவிடுங்கள். அவளிடமிருந்து பதில் வரும்வரை யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம், என்னையும் தனியாகக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். யாராவது வீட்டுப் பக்கம் வந்து கேட்டால் உடனே மதுரையில் இருக்கிற மாமாவுக்குப் போன் போய்விடும். அக்கா தப்பித்துவிட்டாள் என்று தெரிந்த பிறகு நீங்கள் யாரிடம் சொன்னாலும் சரி. யாரிடமும் சொல்ல முடியாமல் போனாலும் உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன் டீச்சர். திங்கட்கிழமை வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால், பரிமளாவுக்குக் காய்ச்சல் என்று யார் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள்.