மூன்று பல் ஃபில்டர்

அன்புள்ள மச்சானுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருஷமாகப் பேசாதவனுக்கு எழுதும்போது எந்தச் சொல்லைப் போட்டாலும் உள்நோக்கம் இருப்பதுபோல் தெரிகிறது. இருக்கிறது என்பது வேறு விஷயம். அந்தச் சொல்லை அடிக்கவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் நலம். என் தொப்பை என்னைவிட நலம். உன் தங்கையைப் பற்றி நான் எழுதித்தான் உனக்குத் தெரிய வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம். அதை விசாரிக்கத்தான் இந்தக் கடிதம். இருந்தாலும் முறைப்படி சொல்லிவிடுகிறேன். மார்பில் கட்டி. ஆறு வாரமாக ஆஸ்பத்திரி, செவ்வாய்தோறும் பரிசோதனை. வருகிற பதினான்காம் தேதி, அதுவும் செவ்வாய், மருந்து ஏற்றத் தொடங்குகிறார்கள். முடி கொட்டிவிடும் என்று டாக்டரம்மா சொன்னபோது உன் தங்கை அழவில்லை. அதற்கு முன்னால் தன்னை ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்றாள். அந்தப் பழைய லென்ஸில், பனி போர்த்தியதுபோல் முகத்தைக் காட்டுமே, அந்த ஃபில்டரைப் போட்டு. கல்யாணத்துக்கு முன்னால் நீ எடுத்தாயே, அதே மாதிரி.

செல்போனில் ஒரு தட்டுத் தட்டினால் வந்துவிடுமே என்றேன். அது தேய்த்துத் தேய்த்து மெழுகு பொம்மையாக்கிவிடும், நான் நானாவே இருக்கணும், கொஞ்சம் மங்கலா இருந்தாப் போதும் என்றாள்.

லென்ஸ் என்னிடம் இருக்கிறது. நம் ஃபோட்டோ ஸ்டூடியோவைப் பிரித்த அன்று நாம் காட்டிய புத்திசாலித்தனத்தை நீ மறந்திருக்க மாட்டாய். போர்டில் யார் பெயர் முதலில் என்று தொடங்கி, அருவி வரைந்த திரைச்சீலையை நடுவில் வெட்டுகிறவரை போனோம். விழுகிற தண்ணீர் என் பங்கு, அது விழுந்த குளம் உன் பங்கு. அதே நியாயப்படி லென்ஸ் எனக்கு, ஃபில்டர் டப்பா உனக்கு. உன்னிடம் போய்க் கேட்பதா, நானா? ஊரில் ஃபில்டருக்கா பஞ்சம் என்று கிளம்பிவிட்டேன்.

பஞ்சம்தான். எல்லா லென்ஸுக்கும் வாயில் மரை இருக்கும். வளையத்தைத் திருகினால் ஏறிவிடும். நம்முடையதற்கு மரை கிடையாது, மூன்று பல் வைத்த பூட்டு. செருகிக் கால் சுற்றுத் திருப்பினால் டக்கென்று உட்கார வேண்டும். ஐந்து கடை ஏறி இறங்கினேன். ஒருவன் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டச் சொன்னான். இன்னொருவன் லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது கேமராவோடதுதானா, மாவு மெஷினோடதான்னு கேட்டான். ஒரு கண்ணாடித் துண்டில் வாசலின் தடவி வைத்தும் எடுத்துப் பார்த்தேன். உன் தங்கை படத்தைப் பார்த்துவிட்டு, மீன் தொட்டியில போட்டு மூடிட்டீங்களே என்றாள்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் பழைய கேமரா வாங்கி விற்கும் ஒருவரைப் பிடித்தேன். எந்த லென்ஸைக் காட்டினாலும் உள்ளே பூஞ்சை என்பார். அதனால் அவருக்குப் பூஞ்சைக்காரர் என்றே பெயர். என் லென்ஸைப் பார்த்ததும் பூஞ்சை என்று சொல்லாமல், கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். இந்த லென்ஸைத் தேடி ஒருத்தர் அலையறார் சார் என்றார். கையில் தகர டப்பா, உள்ளே ஆறு ஃபில்டர், ஒவ்வொன்றும் துணியில் சுற்றியதாம். எல்லாவற்றிலும் மூன்று பல்லாம். டப்பாவைத் தருகிறாயா என்று இவர் கேட்டதற்கு, தரமாட்டேன், இதுல பொருந்தற லென்ஸ்தான் வேணும்னாராம்.

யாரோ ஒரு கில்லாடி என் லென்ஸை அடிக்கப் பார்க்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். பூஞ்சைக்காரர் விலாசம் கேட்டபோது தப்பு விலாசம் கொடுத்தேன். வீட்டுக்குப் போய் லென்ஸை ஒரு காலுறைக்குள் போட்டு அலமாரியின் அடியில் ஒளித்தேன். அடுத்த நாள் எங்கே வைத்தோம் என்று தெரியாமல் அரை நாள் தேடினேன். திருடனுக்கு அந்தச் சிரமமே இருந்திருக்காது.

மனசு கேட்கவில்லை. மறுபடி போய், அந்த ஆள் எப்படி இருப்பார் என்று துருவினேன். பேசும்போது ஒரு கண்ணை மூடிக்கிறார் சார், நம்மளையே ஃபோகஸ் பண்ற மாதிரி என்றார். நாம விலையே சொல்லியிருக்க மாட்டோம், அதுக்குள்ள கடைசியா என்ன சொல்றீங்கம்பார் என்றார். எனக்கு அங்கேயே பாதி விளங்கிவிட்டது. உலகத்தில் அப்படிப் பேரம் பேசுகிறவன் ஒருவன்தான். அவனுடன் பதினாறு வருஷம் ஒரே இருட்டறையில் நின்றிருக்கிறேன். மீதிப் பாதி அவர் அடுத்துச் சொன்னதில் விளங்கியது. செவ்வாய்க்கிழமைதான் வருவார், பதினோரு மணிக்கு வந்து உக்காருவார், வாட்சைப் பார்த்துக்கிட்டே இருப்பார், பன்னிரண்டரை ஆனா எழுந்து ஓடிடுவார்.

பரிசோதனை பன்னிரண்டரைக்குத்தான் முடிகிறது, மச்சான்.

இப்போது என் தரப்பையும் கேள். முதல் செவ்வாய் நானும்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசியைப் பார்த்ததும் விழுந்துவிட்டேன். அவளுக்கு முன்னால் எனக்குக் கட்டில் கொடுத்தார்கள். உங்களைப் பார்க்கறதா, என்னைப் பார்த்துக்கறதா, நீங்க கடையிலேயே இருங்க, பக்கத்து வீட்டு டீச்சர் கூட வருவாங்க என்றாள். எனக்கும் உள்ளூர நிம்மதி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

பூஞ்சைக்காரர் சொன்னதற்கு அடுத்த செவ்வாய் பதினோரு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுப் பக்கம் வந்தேன். டீச்சர் தன் மாடியில் நின்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குடத்தோடு உள்ளே போய்விட்டார். அன்று மாலை உன் தங்கையிடம், டீச்சருக்கு நம்மால் எவ்வளவு சிரமம் என்று ஒரு கல்லை விட்டெறிந்து பார்த்தேன். கண்ணைக்கூடச் சிமிட்டாமல், தங்கமானவங்க, காத்துக்கிடந்து கூட்டிட்டு வர்றாங்க என்றாள். மீசை வைத்த டீச்சர் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஆகவே விடிவதற்கு முன் பஸ் ஏறி, ஐந்து மணி நேரம் குலுங்கி வந்து, அவளோடு வரிசையில் நின்று, உள்ளே அனுப்பிவிட்டு, மறுபடி அதே பஸ்ஸில் திரும்பியிருக்கிறாய். என் தெருவுக்கு வரவில்லை. அவளும் உன்னை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. யாரைக் குறை சொல்வது என்று நிறைய யோசித்தேன். ஆள் அகப்பட்டுவிட்டான், கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தான்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. லென்ஸ் என்னிடம் இருப்பது உனக்குத் தெரியும். ஃபில்டர் உன்னிடம் இருப்பது எனக்குத் தெரியும். இரண்டும் அவளுக்குத் தெரியும். அப்படியிருக்க என்னைப் பார்த்து ஃபில்டர் தேடுங்க என்கிறாள். உன்னைப் பார்த்து லென்ஸ் தேடுண்ணா என்று சொல்லியிருப்பாள். இல்லையென்றால் நீ ஏன் தேடப்போகிறாய்? இரண்டு கிழட்டு மாடுகளை ஒரே செக்கின் இரு பக்கமும் கட்டிவிட்டு, எப்போது முட்டிக்கொள்ளும் என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். உடம்புக்கு முடியாதவள் செய்கிற வேலையா இது? இந்த மூளையை வைத்துக்கொண்டு அவள் நம் ஸ்டூடியோ கணக்கைப் பார்த்திருந்தால் நாம் பிரிந்தே இருக்க மாட்டோம்.

என் வீட்டு வாசப்படியை மிதிச்சுப் பாரு என்று நான் அன்று சொன்னது உனக்கு மனப்பாடமாக இருக்கும். ஒரு தகவல் சொல்கிறேன். மழையில் பெயர்ந்துபோய், அந்தப் படியைப் போன வருஷம் இடித்துவிட்டோம். இப்போது இருப்பது வேறு படி. இந்தப் படியை மிதிப்பது பற்றி நான் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை.

பன்னிரண்டாம் தேதி ஞாயிறு. பத்து மணிக்கு முன்அறை ஜன்னலில் நல்ல வெளிச்சம் இருக்கும். டப்பாவோடு வா. படத்தை நீயே எடு. லென்ஸை நான் எடுத்து வைக்கிறேன், இப்போது அது எந்தக் காலுறையில் இருக்கிறது என்று தெரியும். நான் எழுதியதை அவளிடம் மூச்சுவிடாதே. அவள் நம்மை ஏமாற்றிக்கொண்டிருப்பதாகவே இருக்கட்டும். அந்தச் சந்தோஷம் அவளுக்கு வேண்டும்.

படம் எடுத்ததும் பையைத் தூக்கிவிடாதே. செவ்வாய் வரைக்கும் இரு. நானும் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன், ஊசி குத்துகிறபோது சுவரைப் பார்த்துக்கொள்கிறேன். மருந்து ஏறிய பிறகு நடை தள்ளாடும் என்கிறார்கள். அவள் வெளியே வரும்போது ஒரு பக்கம் நான் பிடித்துக்கொள்வேன். மறுபக்கத்துக்கு ஆள் வேண்டும், மச்சான்.

நீ நன்றாக இருக்க வேண்டும். அவளும்.

இப்படிக்கு,
அந்தப் பதவி இன்னும் இருக்குமானால்,
உன் மாப்பிள்ளை