செவ்வாய்க்கிழமை ஊசி

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை. அக்கா உயிரோடுதான் இருக்கிறேன்.

ஒரு விஷயம், திட்டாதே. உங்கள் ஆபீஸ் நடத்தும் அக்குபஞ்சர் ஆராய்ச்சியில், இங்குள்ள ஆஸ்பத்திரியில் நானும் சேர்ந்துவிட்டேன். உன் அக்கா என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

படுத்த படுக்கையான உன் அத்தானைப் புரட்டிப் புரட்டியே என் வலது தோள் போயிற்று. தைக்க உட்கார்ந்தால் கை ஏறாது. எட்டு செவ்வாய்க்கிழமை ஊசி போட்டதில் இப்போது நானே தலை சீவிக்கொள்கிறேன்! இன்னும் நான்கு வாரம்தான் போடுவார்களாம். பெரிய டாக்டரோ ஆபரேஷன் என்கிறார். எனக்குப் போட்டது நிஜ ஊசிதானே? அப்படியென்றால் வெளியிலாவது போய்த் தொடர்ந்து போட்டுக்கொள்வேன்.

அத்தான் என்னைக் கூப்பிட மணி அடிக்கிறார். பிறகு எழுதுகிறேன்.

உன் அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். வேலை செய்கிறவர்களின் சொந்தக்காரர்கள் இதில் சேரவே கூடாது. பாதிப் பேருக்கு நிஜ ஊசி. மீதிப் பேருக்கு, தோலைத் தொட்டதும் உள்ளே இறங்காமல் தன் கைப்பிடிக்குள்ளேயே போய்விடும் மொட்டை ஊசி. யாருக்கு எது என்ற பட்டியல் என் பொறுப்பில், பூட்டிய அலமாரியில்தான் இருக்கிறது. பார்க்கக் கூடாது, பார்த்துவிட்டேன். சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. கேட்காதே அக்கா.

குட்டி

மார்ச் 13

குட்டி,

விதி இருக்கட்டும். "அக்கா, உனக்குப் போட்டது நிஜ ஊசிதான்" என்று ஒரே ஒரு வரி எழுது. வேறொன்றும் வேண்டாம்.

அக்கா

மார்ச் 18

அன்புள்ள அக்கா,

பொய் சொல்ல மனம் வரவில்லை. உனக்குப் போட்டது மொட்டை ஊசி.

ஆனால் உன் சுகம் பொய்யில்லை. முன்பு நடந்த ஆராய்ச்சிகளிலும் இப்படித்தான்: எதுவுமே போடாதவர்களைவிட மொட்டை ஊசிக்காரர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. நிஜ ஊசிக்காரர்களுக்கு அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ஏன் என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது.

மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். உன் பெயரை நீக்கிவிட்டார்கள்; இனி அங்கே போக வேண்டாம். தயவுசெய்து ஆபரேஷன் செய்துகொள்.

குட்டி

மார்ச் 25

அன்புள்ள குட்டிக்கு,

முப்பது வருஷம் தைத்தவள் நான். விரலில் ஊசி ஏறாத வாரமே இல்லை. உள்ளே இறங்கியதா இல்லையா என்று எனக்குத் தெரியாதா? இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது.

தெரிந்தும் போனேன். அங்கே விளக்கைக் குறைத்து, "அரை மணி நேரம் அசையாம படுங்கம்மா, யாரும் வரமாட்டாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்துவார்கள். அத்தான் படுக்கையில் விழுந்த இந்த ஒன்றரை வருஷத்தில் என்னை யாரும் கூப்பிடாத நேரம் அது ஒன்றுதான். நான் கேட்ட அந்த வரி எனக்கில்லை, அத்தானிடம் காட்டத்தான். நிஜ வைத்தியம் என்றால் என்னைப் போக விடுவார். உன் கடிதத்தை அவரே வாங்கிப் படித்தார். "வெறும் குச்சிதானா? அப்ப இனிமே எங்கயும் போக வேண்டாம்ல," என்றார். செவ்வாய்க்கிழமைகளில் அவரைப் பார்த்துக்கொள்ள வந்த பக்கத்து வீட்டம்மாவையும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் செய்தால் ஆறு வாரம் கையைக் கட்டிப் போடுவார்களாம். அவரை யார் புரட்டுவது?

உன்மேல் கோபம் இருக்கிறது. நீ செய்தது சரி என்றும் தெரிகிறது. இன்று செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து கை தோளுக்கு மேல் ஏறவில்லை. வேறு ஏதாவது ஆராய்ச்சிக்கு ஆள் எடுத்தால் சொல். எந்த ஊசியானாலும் சரி, கதவைச் சாத்துவார்களா என்று மட்டும் கேட்டுச் சொல்.

மணி அடிக்கிறார்.

அக்கா