பூந்திக்கு ஏன் சனிக்கிழமை மட்டும்

மார்ச் 21, சனி

அனல். மின்விசிறி சுற்றியும் வேர்வை. அம்மாவின் குறட்டை கேட்கும் வரைதான் எழுத முடியும். நின்றால் விளக்கை அணைத்துவிட வேண்டும்.

மதியம் பூந்திக்கு மறுபடியும் வந்துவிட்டது. முழு வார்த்தையை எழுதப் பயம். 'வ.' என்று மட்டும் போடுகிறேன்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பூந்தி வந்து என் பாதத்தின் மேல் உட்கார்ந்தது. ஈயைப் பிடிப்பதுபோல் வெறும் காற்றை இரண்டு முறை கடித்தது. அப்புறம் சாய்ந்து விழுந்தது. நாலு காலும் விறைப்பு, வாயில் நுரை. பக்கத்து வீட்டு முத்துலட்சுமி அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவருக்கு மேலே எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"ஏ ஜெனி, தள்ளி நில்லுடி! வெறி பிடிச்சிருக்கு நாய்க்கு!"

"வெறி இல்லக்கா. இது வேற சீக்கு. டாக்டரே சொல்லிட்டாரு."

"வலிப்புன்னா இரும்பக் குடுக்க வேண்டியதுதான? பாத்துக்கிட்டு நிக்குற!"

(அவர் வாயால் வந்ததால் எழுதிவிட்டேன்.)

அம்மா ஓடி வந்து, ஆணியில் தொங்கிய அப்பாவின் பைக் சாவிக் கொத்தை எடுத்து, பூந்தியின் முன்னங்காலில் வைத்து அழுத்தினாள். நாயின் பாதம் மூடாதே, சாவி எப்படி நிற்கும்? அழுகை வரும் நேரத்தில் எனக்கு இப்படித்தான் கேள்வி வருகிறது. வாய்க்குள் 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒன்பதாவதில் நின்றது.

சாயங்காலம் அப்பா லோடு இறக்கிவிட்டு வந்தார். தெருமுனையிலேயே முத்துலட்சுமி அக்காவின் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். அப்பா சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னும் ஒருவாட்டி வந்துச்சு, குஜிலியம்பாறைல என் கூட்டாளி கடலைக் காட்டுல கொண்டுபோய் விட்ருவேன். கைப்புள்ள இருக்குற வீட்டுப் பக்கத்துல இத வச்சுக்கிட்டு ஏன் அம்புட்டுப் பேச்சு வாங்கணும்?"

கடலைக் காட்டில் யார் இரண்டு வேளை மாத்திரை கொடுப்பார்கள்?

மார்ச் 22, ஞாயிறு

பூசை. வீட்டில் ஆட்டுக்கறி. அம்மா மாத்திரையைக் கொழுப்புத் துண்டுக்குள் வைத்தாள். ஒரே விழுங்கு. மற்ற நாள்களில் மீன் தலை, கோழி ஈரல், எதுவும் இல்லாவிட்டால் முட்டை. கால்நடை டாக்டர் போன வருடமே சொன்னது: "குணமாகாதும்மா. ஆனா மாத்திரை ஒரு வேளைகூடத் தப்பாம இருந்தா அது பாட்டுக்கு நல்லா இருக்கும்."

அப்படித்தான் இருந்தது. தீபாவளி வெடிக்குக்கூட வரவில்லை. இப்போது ஏன்?

வ. முடிந்ததும் பூந்திக்கு என்னைத் தெரிவதில்லை. சுவரில் முட்டுகிறது. தண்ணீர்த் தொட்டியை யாரோ புது ஆள் மாதிரி மோந்து பார்க்கிறது. செத்த நேரம் கழித்துத்தான் வால் ஆடும். அந்த இடைவெளியில் அது எங்கே இருக்கிறது? வருவதற்கு முன் என் பாதத்தில் ஏன் உட்கார வேண்டும்? அதற்கு முன்கூட்டியே தெரியுமா?

நாளை வாங்க: கிராப் தாள், மை.

மார்ச் 24, செவ்வாய்

கணக்கில் பாதி புரியவில்லை.

அறிவியல் டீச்சரிடம் கேட்டேன், மூளைக்குள் மின்சாரம் தாறுமாறானால் என்ன ஆகும் என்று. "யாருக்கு?" என்றார். நாய்க்கு என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும். "பொதுவா டீச்சர்." உட்காரச் சொல்லிவிட்டார்.

மதியம் சாப்பிடும்போது திடீரென்று தோன்றியது. போன சனிக்கிழமை வந்தது. அதற்கு முந்தியது வடமதுரை மாமா வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பிய அன்று. அதுவும் சனி. அதற்கும் முந்தியது எனக்கு அரை நாள் ஸ்பெஷல் கிளாஸ் வைத்த நாள். சனி!

முத்துலட்சுமி அக்காவிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அதான் நான் சொல்றேன், சனி புடிச்சிருக்குடி அதுக்கு. எள்ளு விளக்குப் போடச் சொல்லு உங்க அம்மாவ."

"நாங்க வேதக்காரங்கக்கா."

"நாய் என்ன வேதமா?"

அவரே சிரித்துவிட்டார். ஆனால் குழந்தையை மட்டும் கீழே இறக்கி விடவில்லை.

நாய்க்குக் கிழமை எப்படித் தெரியும்?

மார்ச் 27, வெள்ளி

சாயங்காலம் கோவிலில் சிலுவைப்பாதை. முழங்கால் சிவந்துவிட்டது. தவக்கால வெள்ளி என்பதால் சுத்தபோசனம். எல்லார் வீட்டிலும் கறி மட்டும்தான் கிடையாது. எங்கள் வீட்டில் இந்த வருடம் மீன், முட்டை, கருவாட்டு வாசனை எதுவும் கிடையாது. அம்மா ரொம்பக் கறார். வெஞ்சனம்: அவரைக்காய்.

பூந்திக்கும் தயிர்ச்சோறு. அம்மா மாத்திரையைச் சோற்றில் புதைத்து வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் துவைக்கிற கல் பக்கம் இருட்டில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். பூந்திக்கு நான் நிற்பது தெரியாது.

தட்டு சுத்தமாகும் வரை நக்கித் தின்றது. அப்புறம் கல்லுக்குப் பின்னால் போய், அங்கே கிடந்த சாக்கை மூக்கால் தூக்கி, நாக்கை நீட்டியது. ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்தது.

சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாக, சில ஊறி மாவாக, சில முழுசாக. எல்லா வெள்ளிக்கிழமையும் அங்கே இருந்தது.

கிழமை பூந்திக்குத் தெரியவில்லை. தயிர்ச்சோறு தெரிந்திருக்கிறது!

ஒரு மாத்திரையை எடுத்து வாயைத் திறந்து போடப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பாவமாகப் பார்த்தது. பலிக்கவில்லை. நாளை சனி.

மார்ச் 28, சனி

வந்தது.

அப்பா லோடு ஏற்றப் போயிருந்தார். அம்மா குருத்து ஞாயிறுக்காகக் கோவில் கூட்டப் போயிருந்தாள். பாதத்தில் உட்கார்ந்து காற்றைக் கடித்ததும் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டேன். முத்துலட்சுமி அக்கா வீட்டில் டிவி சத்தம். இரும்பு கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. ஒன்பதாவது 'அருள் நிறைந்த'வில் நின்றது. சாவி வைத்தபோதும் ஒன்பது.

தரையைக் கழுவிவிட்டேன். யாருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த சனிக்கிழமை அப்பாவுக்கு லோடு கிடையாது. நாள் முழுக்க வீட்டில் இருப்பார்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

பூசை முடிந்து அம்மாவும் நானும் ஓலையில் சிலுவை முடைந்தோம். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

"ஏம்மா, வெள்ளிக்கிழம பூந்திக்கு மட்டும் ஒரு முட்டை..."

"கூடவே கூடாது. அந்த நேர்ச்சையே அதுக்குத்தான்டி."

"எதுக்கு?"

"அந்தச் சீக்கு போகணும்னுதான். தவக்காலம் முடியுற வரைக்கும் வெள்ளிக்கிழம வீட்டுல ஒரு மீன் முள்ளுகூட வராதுன்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன். உங்க அப்பாகிட்ட சொல்லாத, நாய்க்கு நேர்ச்சையான்னு கேலி பண்ணுவாரு."

ஓலை என் விரலைக் கிழித்தது. அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்வது?

மார்ச் 31, செவ்வாய்

மாத்திரைக்குப் பதில் பொட்டுக்கடலை வைத்துச் சோதனை. வீட்டில் யாரும் இல்லாதபோது.

இட்லிக்குள்: இட்லி போச்சு, கடலை சாக்குக்கு அடியில்.
வாழைப்பழம்: அதேதான். பழத்தை உறிஞ்சிவிட்டுத் துப்பியது.
வெல்லம்: மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. இவ்வளவு திமிரா!

வெறுத்துப்போய் மிச்ச இட்லியை உருட்டிக் காக்கைக்கு எறிந்தேன். பூந்தி பாய்ந்து அந்தரத்திலேயே பிடித்து விழுங்கியது. உருண்டைக்குள் கடலை இருந்தது. சாக்குப் பக்கம் போகவேயில்லை. மறுபடி எறிந்தேன். மறுபடி லபக். தட்டில் வைத்தால் ஆராய்ச்சி. எறிந்தால், காக்கைக்குப் போய்விடும் என்ற அவசரத்தில் ஆராய்ச்சி கிடையாது.

சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

காலையில் "நான் வைக்கிறேம்மா" என்று வாங்கிக்கொண்டு, மாத்திரை வைத்த இட்லி உருண்டையை எறிந்தேன். லபக். இராத்திரிக்கும் அப்படியே என்று நினைத்திருந்தேன். கோவிலில் சிலுவைக்கு முத்தம் கொடுக்க நீள வரிசை. வீடு வந்து நான் உடை மாற்றுவதற்குள் அம்மாவே தயிர்ச்சோறு வைத்துவிட்டாள். ஓடிப்போனேன். பூந்தி சாக்கை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அழுகை வந்துவிட்டது. அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சாக்கைத் தூக்கிக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். போன சனிக்கிழமையையும்.

அம்மா துவைக்கிற கல் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து ஒரு பொழுது விரதம் வேறு.

"அப்ப நாந்தான் இத்தன நாளும்..."

பூந்தி அம்மாவின் முழங்கையை நக்கியது. அம்மா எழுந்து, புது மாத்திரை எடுத்து, இட்லி உருட்டினாள்.

"எப்பிடிடி எறியணும்?"

முதல் எறி பூந்தியின் நெற்றியில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது லபக். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய வெள்ளி அன்று சிரித்துவிட்டோமே என்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அது சிரிப்புதானா என்று அப்புறம் எனக்குச் சந்தேகம் வந்தது.

ஏப்ரல் 4, சனி

வெயில். காற்றே இல்லை. அப்பா வீட்டில். மத்தியானம் நாற்காலியைப் பின்வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா எல்லாம் சொல்லிவிட்டாள், நேர்ச்சை உட்பட. அப்பா கேலி செய்யவில்லை. "பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு நாள் மாத்திரை சரியாகப் போனால் போதுமா? டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும்.

சாயங்காலம் நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். பூந்தி வந்து என் பாதத்தின் மேல் உட்கார்ந்தது.

அம்மா பார்த்துவிட்டாள். அப்பாவும். அப்பா எழுந்துபோய் ஆணியிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தார். பூந்தியின் காலில் வைக்கவா, பைக்கை எடுக்கவா, தெரியவில்லை. 'அருள் நிறைந்த மரியே' ஒன்று. இரண்டு. பூந்தி கழுத்தைத் தூக்கிக் காற்றைக் கடித்தது.

மென்றது.

அப்பா குனிந்து அதன் வாயோரம் பார்த்தார். ஒரு சின்ன இறக்கை ஒட்டியிருந்தது.

"ஈதான்டி" என்றார். "நெசமாவே ஈ."

சாவியை ஆணியில் மாட்டினார்.