ஒரு வார்த்தை கேட்காத கம்ப்யூட்டர்

2006, ஆடி. வெள்ளி இரவு.

ஆபீஸுக்கு வந்த புதுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவர், “அது ஒண்ணும் சொல்லலீன்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தமுங்க” என்றிருந்தார்.

இன்று, போன சீசன் டி-ஷர்ட் அளவு ஃபைலின் மேல் புதிய அளவை நகலெடுத்துப் போட வேண்டியிருந்தது. கட்டளையில் இரண்டு ஃபைல் பெயர்களையும் முன்பின்னாக அடித்துவிட்டேன். பழைய அளவு புதியதை அழித்துவிட்டது. முந்தைய கம்ப்யூட்டர் என்றால் ‘மாற்றவா?’ என்று கேட்டிருக்கும். இந்தச் சனியன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலை முடிந்ததென்று நினைத்து, அதையே அச்சடித்துக் கட்டிங்குக்குக் கொடுத்தேன்.

சாயங்காலம் கட்டிங் மாஸ்டர் வந்து, “ஏனுங்க, இது பழைய அளவாட்ட இருக்குதுங்களே?” என்றார். அதற்குள் துணி முழுவதும் வெட்டியாகிவிட்டது.

முதலாளி ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார், வைத்தார். தினமும் நான் கிளம்பும்போது “நாளைக்குப் பார்க்கலாமுங்க” என்பார்.

இன்று ஒன்றும் சொல்லவில்லை.