தூரத்துப் பச்சைக்கோடு

பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். நம் பேரன் நீச்சலில் கோப்பை வாங்கிவிட்டான். இங்கே பேத்திக்குப் பதவி உயர்வு. நம் ரத்தம் என்றால் சும்மாவா! உங்கள் முழங்கால் தேவலை என்று ஊரிலிருந்து எழுதினீர்கள். நம்பலாமா?

பேத்தி வீட்டிலிருந்தே, ஆபீசையும் ஊழியர் வீடுகளையும் இன்டர்நெட்டில் இணைக்கும் வி.பி.என். பாதைகளைக் கவனிக்கிறாள். பாதை நன்றாயிருந்தால் திரையில் பச்சைக்கோடு, அறுந்தால் சிவப்பு. நேற்று அவள் குழந்தைக்குச் சாப்பாடு அரைக்க, இன்டர்நெட் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி மிக்சியைச் செருகிவிட்டேன். உடனே மேனேஜர் போனில், "என்னம்மா, உங்க வீட்டுக்கோடு சிவப்பாயிடுச்சே?" என்று கேட்டாராம்.

"பாட்டி, மாட்டிக்கிட்டீங்க!" என்று சிரித்தாள். திரும்பச் செருகியதும் சாஃப்ட்வேர் தானே பாதையைத் தேடிக் கோட்டைப் பச்சையாக்கியது. அவ்வளவு தூரத்திலிருந்து எப்படித் தெரிகிறது? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

உங்களைக் காட்டத்தான் எனக்குக் கோடில்லை. புதுப் போட்டோ ஒன்று தபாலில் போடுங்கள். நாற்காலி வேண்டாம், நின்றுகொண்டு எடுத்தது.