ஏழுமலை உடம்பில் ஏறாத மாத்திரை

மாசி 12, செவ்வாய்

தம்பி ஏழுமலைக்கு இரண்டாம் முறை மாரடைப்பு. விடியற்காலைப் பனி. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஆஸ்பத்திரி வரை வைப்பர் போட்டபடியே வண்டி ஓட்டினேன். ஐந்து மாதம் முன்பு இதய ரத்தக் குழாயில் வைத்த ஸ்டென்டிலேயே ரத்தம் கட்டிவிட்டதாம். அடைப்பை எடுத்துவிட்டார்கள். பிழைத்தான்.

எனக்கும் ஸ்டென்ட் உண்டு, மூன்று வருடமாக. ரத்தம் கட்டாமலிருக்க இருவருக்கும் ஒரே மாத்திரை, மொத்தமாக நான்தான் வாங்குகிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியென்றால் அவன் போடவில்லை. அவ்வளவுதான்.

தம்பி மனைவி சாந்தி: "கையில குடுத்து, முழுங்கறதப் பாத்துட்டுதான் மாமா அடுப்பாண்ட போவேன்."

பீடியை விட்டுவிட்டதாக ஒரு வருடம் ஏமாற்றியவன். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளிக்கவா தெரியாது?

மாசி 13, புதன்

எங்கள் கடலை மண்டியில் மல்லாட்டை வரத்து அதிகம். பாதி ஈரக்காய். காய் பார்த்து வாங்குவது இருபது வருடமாக ஏழுமலை வேலை. இன்று முதல் அது மேஸ்திரி கையில். மத்தியானம் வார்டிலேயே அவனிடம் சொல்லிவிட்டேன்.

"ஒரு மாத்திரைய ஒழுங்கா போடத் தெரியல. மண்டிய நீ என்னா பாத்துக்கப் போற? ஊட்ல இரு."

"போட்டுக்கினுதாண்ணா இருந்தேன்."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

வாங்க: கைலி 2, பிளாஸ்க், மண்டிக்குச் சணல்.

மாசி 14, வியாழன்

டாக்டரம்மா கூப்பிட்டார். சின்ன வயது, பேச்சு தெளிவு. "மாத்திரை போட்டும் சிலருக்கு வேலை செய்யாதுங்க. கல்லீரல் அதை மாத்தி விட்டாதான் மருந்தாகும். பொறப்புலயே சிலருக்கு அது நடக்காது. மரபணுவ டெஸ்ட் பண்ணா தெரிஞ்சிடும்." அதுவரைக்கும் வேறு மாத்திரை கொடுக்கிறார்.

"பண்ணிடுங்க" என்றேன் உடனே. அவருக்கே ஆச்சரியம். என் யோசனை வேறு. அவன் உடம்பில் குறையில்லை என்று எழுத்தில் வரட்டும், அப்புறம் அவன் வாய் திறக்கமாட்டான்.

இன்று வெயில். ஈரக்காய் காயப்போட்டாயிற்று.

மாசி 21, வியாழன்

ரிசல்ட் வந்தது. ஏழுமலை வீடு திரும்பி மூன்று நாள், ஆஸ்பத்திரிக்கு நான் மட்டும் போனேன்.

அந்த மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று, இரண்டுமே வேலை செய்யாதவை. "அந்த மாத்திரைய எத்தன போட்டிருந்தாலும் இவருக்குப் பலன் இருந்திருக்காது" என்றார் டாக்டரம்மா.

அவன் போட்டானா என்பதைத் தாள் சொல்லவில்லை. அதையும் கவனித்தேன். ஆனால் சாந்தி பேச்சை நம்பாமலிருக்க என்னிடம் இனி ஒரு காரணமும் இல்லை.

"ஒரே அப்பா அம்மாதாங்க. எனக்கு வேலை செய்யுதே?"

"செய்யுதுன்னு யார் சொன்னது? டெஸ்ட் பண்ணீங்களா?"

ஒரே கொல்லையில் விளைந்த காய் என்றாலும் மூட்டைக்கு மூட்டை உரித்துப் பருப்பை எடை போட்ட பிறகே விலை சொல்கிற ஆள் நான்.

இரவு மோர் மட்டும்.

மாசி 22, வெள்ளி

காலையில் ஏழுமலை வீடு. தாளை நீட்டினேன். படித்துவிட்டு மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"நாலு காய் உரிக்காம நீ வெலை சொன்னதே இல்லியேண்ணா. என்னை மட்டும் தோலப் பாத்தே சொல்லிட்ட."

"தப்புதான்டா."

"மேஸ்திரி வாங்கின காய் பூசணம் பூத்துடுச்சாமே?"

"எட்டு மூட்டை."

சிரித்துவிட்டான். சாந்தி மட்டும் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரியில அத்தினி பேர் எதிர்ல திட்டனீங்களே மாமா, அத இன்னா பண்றது?" என்றாள். தப்பு என்னுடையது என்று மண்டி ஆட்கள் எதிரில் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்ல வேண்டும்.

பேசி முடித்தது: புது மாத்திரை காலை எட்டு, இரவு எட்டு, ஒரு வேளையும் தவறக்கூடாது. பீடி கிடையாது. பங்குனி ஒன்று முதல் காய் வாங்குவது மறுபடி ஏழுமலை, டாக்டரம்மா சரி என்றால். மூட்டையில் கை வைக்கக்கூடாது. என் பங்கு: திங்கட்கிழமை விழுப்புரம் போய் அதே டெஸ்டுக்கு ரத்தம் கொடுப்பது. ரிசல்ட்டை முதலில் பிரிப்பது அவன்.